பந்தாட்டமும் பட்டப்படிப்பும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முதியோர் வாக்கு. ஆயின், பிள்ளைகளின் பொருட்டுச் செலவிடும் வேளையில் மட்டும் பெற்றோர் இந்த அளவுகோலை எங்கோ வைத்து மறந்துவிடுகின்றனர். பிள்ளையின் எதிர்காலம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தே கை தானாகவே பணப்பையைத் திறக்கின்றது. இது கீழைத்தேயத்தார்க்கு மட்டும் உரிய இயல்பன்று. செல்வத்திற் சிறந்ததெனப் பேசப்படும் அமெரிக்க நாட்டிலே, பத்து வயதுப் பெண்பிள்ளையின் பந்தாட்டத்தை முன்னிட்டு வீட்டுச் செலவைச் சுருக்கி, வார இறுதிதோறும் நூற்றுக்கணக்கான மைல் பிரயாணஞ் செய்யும் குடும்பங்கள் பலவுள. அவர்கள் எதை நாடிச் செல்கின்றனர்? நாடியது கைகூடுகின்றதா? அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை யாது? இவற்றை இங்கு சிறிது ஆராய்வோம்.

பெயரில் மட்டும் மென்மை

அமெரிக்கர் ‘சொப்ட்போல்’ என வழங்கும் ஆட்டத்தை மென்பந்து எனத் தமிழாக்கலாம். எனினும், ஒழுங்கைகளிலும் வெறுங்காணிகளிலும் நம் சிறுவர் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட்டுடன் இதனை மயங்கலாகாது. இது பேஸ்போல் என்னும் ஆட்டத்திலிருந்து கிளைத்தது. எல்லே ஆட்டத்தைக் கண்டவர்கள் இதன் போக்கை எளிதில் விளங்கிக்கொள்வர். பந்தைக் கோலால் அடித்துவிட்டு, குறித்த நிலைகளைத் தொட்டு ஓடிச் சுற்றி வருதலே இதன் சாரம்.

பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எறிபவள் தன் கையைக் காற்றாலை போற் சுழற்றி, இடுப்பளவிலே பந்தை விடுவிக்கின்றாள். கல்லூரி ஆட்டத்தில் அவளுக்கும் பந்தடிக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம் 43 அடி. தேர்ந்த வீராங்கனை எறியும் பந்து மணிக்கு 70 மைல் வேகத்தை எட்டும். அத்தகைய பந்து வந்து சேர அரை வினாடியுஞ் செல்லாது. எனவே, மென்மை என்பது பெயரளவிலேதான்.

1887ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்துப் படகுச் சங்கம் ஒன்றின் மண்டபத்தில், குத்துச்சண்டைக் கையுறையொன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆடியதே இதன் தொடக்கம். விளையாட்டாகப் பிறந்த இவ்விளையாட்டு, பிற்காலத்தில் பெண்கள் பலருக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அமைந்தது.

சட்டம் திறந்த கதவு

டொட் ரிச்சட்சன் என்ற அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவர் சிறுமியாயிருந்த காலத்தில், பையன்களின் பேஸ்போல் அணியிற் சேர விரும்பினால் தலைமயிரைக் குறுக வெட்டி, ‘பொப்’ என்ற ஆண்பெயருடன் ஆட வேண்டும் எனப் பயிற்றுநர் ஒருவர் கூறினாராம். அச்சிறுமி அதற்கு இணங்கவில்லை.

1972ஆம் ஆண்டில், மத்திய அரசாங்கத்தின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என வேறுபாடு காட்டலாகாது என்று அமெரிக்காவிற் சட்டமொன்று பிறந்தது. ‘ஒன்பதாம் தலைப்பு’ என இன்றும் போற்றப்படும் அச்சட்டத்தின் பயனாகப் பெண்களின் விளையாட்டுக்கும் கல்லூரிகள் பணம் ஒதுக்கலாயின. 1982இல், என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான மென்பந்துச் சம்பியன் போட்டியை முதன்முறையாக நடாத்தியது. அதில் வென்ற லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ரிச்சட்சனும் இருந்தார். பின்னர் அவர் எலும்புச் சிகிச்சை மருத்துவராகவும் விளங்கி, 1996, 2000ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் தம் நாட்டு அணியுடன் தங்கப்பதக்கமும் பெற்றார்.

இத்தகைய வரலாறுகளைக் கேட்கும் பெற்றோர் தம் மகளையும் அவ்விடத்தில் வைத்துக் கனவு காண்பது இயல்பே. பல்கலைக்கழகக் கல்வியை அரசாங்கம் இலவசமாக வழங்கும் நம் நாட்டில் வாழ்வோர், அமெரிக்கப் பெற்றோரின் அச்சத்தை முழுதும் உணர்தல் அரிது. 2024–25ஆம் கல்வியாண்டில், சொந்த மாநிலத்து அரசாங்கப் பல்கலைக்கழகமொன்றிற் கட்டணமும் உணவும் உறையுளும் சேர்ந்து ஆண்டொன்றுக்குச் சராசரி 25,000 டொலர் அளவிலாயின. தனியார் பல்கலைக்கழகங்களிலோ படிப்புக் கட்டணம் மாத்திரமே 43,000 டொலரைத் தாண்டியது. இந்தச் சுமையைப் பந்தும் கோலும் குறைக்கும் என்றால் எந்தத் தகப்பன்தான் முயலாதிருப்பான்?

ஊர் ஊராகச் செல்லும் அணிகள்

பள்ளிக்கூட அணியில் ஆடினால் போதாதா என வாசகர் வினவலாம். பெரும்பாலான மாநிலங்களிற் பள்ளிப் போட்டிக்காலம் இளவேனிலிற் சில வாரங்களுடன் முடிந்துவிடும். அக்காலத்திலேயே கல்லூரிப் பயிற்றுநர்கள் தத்தம் அணிகளுடன் ஓய்வின்றி இருப்பர். ஊர் ஊராய்ச் சென்று பள்ளிக்கொரு பெண்ணைப் பார்த்துவர அவர்களுக்கு நேரமுமில்லை, பணமுமில்லை. கோடையிலே பல திடல்கள் உள்ள ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒருங்கே ஆடுவார்களாயின், ஒரு குறிப்புப் புத்தகத்துடனும் வேகங்காட்டும் கருவியுடனும் வந்திருந்து வேண்டியவரைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வசதியிலிருந்து எழுந்தவையே ‘பிரயாண அணி’கள். இவற்றைத் தனியார் கழகங்கள் நடாத்துகின்றன. பயிற்றுநர்களின் பார்வைக்கெனவே ‘காட்சிப்போட்டி’கள் நடைபெறுகின்றன. அவற்றில் வெற்றி தோல்வியைக் காட்டிலும் பிள்ளைகள் கண்ணிற்படுவதே பெரிது. இன்ன நாளில், இன்ன திடலில், இன்ன இலக்கச் சட்டையுடன் ஆடுவேன் என்று பதினைந்து வயதுச் சிறுமி தானே பயிற்றுநர்க்கு மின்னஞ்சல் எழுதுகின்றாள்.

ஒரு காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடனேயே பல்கலைக்கழகங்கள் வாய்வாக்குச் செய்துகொண்டன. பருவம் முதிராப் பிள்ளைகளை இவ்வாறு பேரம் பேசுவது தகாதெனக் கண்ட சங்கம், பதினோராம் வகுப்பின் செப்டெம்பர் முதலாந் திகதிக்கு முன்னர்ப் பயிற்றுநர் பேச்சு நடாத்தலாகாது என 2018இல் விதித்தது. பேச்சைத் தடுத்தது சட்டம். பெற்றோரின் பரபரப்பைத் தடுக்க அதனால் இயலவில்லை. ஒன்பது, பத்து வயதிலேயே ஓட்டம் தொடங்கிவிடுகின்றது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

செலவின் வகைகளை எண்ணினால் விரல்கள் போதா. கழகக் கட்டணம், சீருடை, கையுறை, காலணி ஆகியவை முதலில் வரும். புதுவகைக் கோலொன்று 300 முதல் 500 டொலர் வரை விலைபோகும். பிள்ளை வளரவளரக் கோலும் மாறவேண்டும். எறியவும் அடிக்கவும் தனிப்பாடங்கள் வேண்டும். போட்டிக்குச் சென்றால் பெட்ரோலும் ஹொட்டேலும் உண்டு. போட்டி நடாத்துவோர் குறித்த ஹொட்டேலிலேயே தங்கவேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. சொந்த மகளின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கே பெற்றோர் வாயிலிற் காசு கொடுக்கின்றனர். இவற்றுக்கு மேல், பல்கலைக்கழகங்கள் நடாத்தும் பயிற்சி முகாம்களுக்கும், ஆட்டத்தைப் படம்பிடித்து அனுப்புவதற்கும் தனிச்செலவு.

விளக்கத்தின் பொருட்டு நாமே ஒரு கணக்கை அமைப்போம். கழகத்துக்கு ஆண்டுக்கு 2,500 டொலர், வாரம் 50 டொலர் வீதம் நாற்பது தனிப்பாடங்களுக்கு 2,000, பயணம் ஒன்றுக்கு 400 வீதம் ஏழு பயணங்களுக்கு 2,800, கருவிகளுக்கு 700. கூட்டினால் 8,000 டொலர். பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை எட்டு ஆண்டுகளுக்கு 64,000 டொலர். இதனிற் குறைவாகச் செலவிடுவோரும் உளர். கூடுதலாகச் செலவிடுவோரும் உளர். அஸ்பென் நிறுவனம் 2024இல் நடாத்திய ஆய்விலே, எல்லா விளையாட்டுக்களையும் சேர்த்து நோக்கியபோது, பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்குக் குடும்பமொன்று ஆண்டுக்குச் சராசரி 1,016 டொலர் செலவிட்டதெனக் கண்டனர். 2019ஐ விட இது நூற்றுக்கு 46 வீதம் அதிகம். சராசரிக் குடும்பத்தின் நிலையே அதுவாயின், பிரயாண அணிக்காரரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இனி வரவைப் பார்ப்போம். 2025 வரை, முதற் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று மென்பந்துக்கெனப் பன்னிரண்டு முழுப் புலமைப்பரிசில்களுக்கு ஈடான தொகையையே வழங்கலாம் என்பது விதி. இருபது, இருபத்தைந்து பெண்கள் உள்ள அணியிலே அத்தொகையைப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழப் பாதி. இரண்டாம் பிரிவுக்கு உரிய எண் 7.2. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென ஒரு சதமும் வழங்கப்படுவதில்லை. ஹார்வர்ட், யேல் முதலிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலும் அவ்வாறே.

25,000 டொலரிற் பாதி 12,500. நான்கு ஆண்டுகளுக்கு 50,000. நமது கணக்கின்படி செலவு 64,000. வென்ற பெண்ணின் வீட்டிலேயே பதினாலாயிரம் துண்டுவிழுகின்றது! வெல்லாதவர் வீட்டைப் பற்றி என்ன சொல்வது? உயர்பள்ளிகளில் இவ்வாட்டத்தை ஆடும் பெண்கள் ஏறத்தாழ மூன்றரை இலட்சம். மூன்று பிரிவுகளையும் சேர்த்து, கல்லூரி அணியில் இடம் பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். முதற் பிரிவை எட்டுவோர் நூற்றுக்கு இருவருமிலர்.

2025 யூன் மாதத்து நீதிமன்ற உடன்பாட்டின் பின்னர், அதனை ஏற்ற பல்கலைக்கழகங்கள் இருபத்தைந்து பேருக்கும் முழுப் புலமைப்பரிசில் வழங்க இடமுண்டு. ஆயின், அனுமதி வேறு, பணம் வேறு. மேலும், வேறு பல்கலைக்கழகங்களில் ஆடித் தேர்ந்து மாறிவருவோருடனும் புதுப்பிள்ளைகள் போட்டியிட வேண்டியுள்ளது. 2024இல் நிஜாரி கனடி என்ற வீராங்கனை ஸ்டன்போர்டிலிருந்து டெக்சஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பெற்றார். அச்செய்தி எல்லா வீடுகளையும் எட்டியது. பெயரின்றித் திரும்பிய ஆயிரக்கணக்கானோரின் செய்தியை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

காசேட்டில் எழுதப்படாதவை

பணத்தை மட்டும் எண்ணினால் கணக்கு முற்றுப்பெறாது. அக்காளின் ஆட்டத்துக்காகக் காரின் பின் ஆசனத்திற் காத்துக் கிடக்கும் தம்பியின் ஞாயிற்றுக்கிழமைகள் எந்தப் பத்தியில் எழுதப்படும்? ஒரே அசைவை ஆண்டு முழுவதும் திருப்பித் திருப்பிச் செய்வதனால் தேய்ந்த தோளுக்கு என்ன விலை? பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதளவும் ஒரே விளையாட்டில் ஒதுங்காதிருத்தல் நன்று என்றும், ஆண்டில் மூன்று மாதமாவது தம் விளையாட்டிலிருந்து ஓய்வு பெறவேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் போட்டி, மாரியில் உள்ளரங்கப் பயிற்சி, இளவேனிலிற் பள்ளி ஆட்டம் என்றிருக்கையில் அந்த மூன்று மாதம் எங்கிருந்து வரும்?

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ‘இவ்வளவு செலவிட்டோமே’ என்ற எண்ணம் பெற்றோர் மனத்திற் புகுந்துவிட்டால், பதினாறு வயதில் ‘எனக்குப் போதும், அம்மா’ என்று சொல்லும் உரிமையைப் பிள்ளை இழந்துவிடுகின்றாள். விளையாட்டு அவளுக்குக் கடனாகின்றது. தவறவிட்ட ஒவ்வொரு பந்திலும் அவள் தந்தையின் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றாள்.

வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவளுக்குத் திறமை இருக்கலாம். பயிற்றுநர் வந்து நிற்கும் திடலுக்குச் செல்லப் பணம் இல்லை. சில கழகங்கள் கட்டணத்தைக் குறைத்தும், நன்கொடை திரட்டியும் உதவுகின்றன. ஆனால், அது எல்லார்க்கும் எட்டுவதில்லை. பெண் என்பதனால் அடைபட்டிருந்த கதவைச் சட்டம் திறந்தது. ஏழை என்பதனால் அதே கதவு இன்று மெல்லச் சாத்தப்படுகின்றது.

அளந்து போடுதல்

அவ்வாறாயின் ஆட்டமே வேண்டாமோ? அவ்விதம் நாம் சொல்லோம். கூடி ஆடப் பழகிய பெண், தோல்வியைத் தாங்கவும் தோழியை விட்டுக்கொடாதிருக்கவும் பழகுகின்றாள். உடல் உரம் பெறுகின்றது. உள்ளம் துணிவு பெறுகின்றது. இவை விலைமதிப்பற்றவை. இவற்றின் பொருட்டுத் தம்மால் இயன்றதைச் செலவிடும் பெற்றோர் நல்லதையே செய்கின்றனர். ஆட்டத்துக்கெனக் கொடுத்த காசுக்கு ஆட்டமே பலனாகக் கிடைத்துவிட்டது. அதனைப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு இட்ட முதல் எனக் கருதும்போதுதான் ஏமாற்றம் பிறக்கின்றது.

கல்லூரிச் செலவே கவலையாயின், அதற்கு நேரான வழிகள் உள. பாடங்களிற் சிறந்த பிள்ளைகளுக்கும், வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை வழங்குகின்றன. விளையாட்டுக்கெனச் சதமும் கொடாத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் இவ்வுதவியைக் கொடுக்கின்றன. அங்கே படித்துக்கொண்டே ஆடவும் செய்யலாம். தோள் நொந்தால் ஆட்டம் நின்றுவிடும். கற்ற கல்வி அவ்விதம் நிற்பதில்லை. ஆண்டுதோறும் வைப்பிலிட்ட பணமோ எந்தப் பயிற்றுநரின் தயவையும் வேண்டி நிற்பதில்லை.

கழகத்தில் கையொப்பமிடுமுன் பெற்றோர் மகளை அருகிருத்தி ஒன்றைக் கேட்பார்களாக: ‘புலமைப்பரிசில் ஒன்றும் கிடையாது என்று இன்றே தெரிந்தாலும் நீ இதை ஆடுவாயா?’ ஆம் என்று அவள் முகம் மலர்ந்தால், இயன்ற அளவுக்குச் செலவிடலாம். பிற்காலத்தில் வருந்த நேராது. அவள் விடை சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பெற்றோர் செவிசாய்க்க வேண்டும்.