நிலத்தின் கணக்கு – 9: சாவி கொடுத்த பிறகு யார் செலவு?

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலை, டெல்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த குடியிருப்பு அது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் போட்ட குடிசைகள், மெல்ல மெல்லச் செங்கல் வீடுகளாகியிருந்தன. மழைக்காலத்தில் வெள்ளம் தேங்காமலிருக்க வடிகாலைத் தூர்வார வேண்டும், அதற்கு வழி வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மொத்தம் 370 வீடுகள். அவற்றில் 150க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு பெறத் தகுதி இல்லை என்று கணக்கெடுப்பு சொன்னது. மற்றவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு. ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர்.

‘மறுவாழ்வுச் செலவு’ என்று ஒப்பந்தங்களிலும் அரசாணைகளிலும் எழுதப்படும் தொகைக்குள் என்னென்ன அடங்குகிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

டெல்லியில் குடிசைவாசிகளின் மறுவாழ்வுக்கென்று 2015ஆம் ஆண்டு வகுத்த கொள்கை ஒன்று இருக்கிறது. மாற்று வீடு பெற, 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்த குடியிருப்பாக இருக்க வேண்டும். அதில் உள்ள குடிசை 2015 ஜனவரி 1க்கு முன் போட்டதாக இருக்க வேண்டும். முடிந்தால் அதே இடத்தில் வீடு, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள். அதைத் தாண்டிப் போவது விதிவிலக்கான சூழலில் மட்டுமே. நிலம் எந்தத் துறைக்குச் சொந்தமோ அந்தத் துறை பணம் கட்டும். நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம் வீடு ஒதுக்கும். குடியிருப்பவரும் தன் பங்காக ஒரு தொகை கட்டுவார்.

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் கட்டும் துறையின் கணக்கு ஒரு வீட்டின் விலையோடு நின்றுவிடுகிறது. சாவி கைமாறியதும் அந்தத் துறையைப் பொறுத்தவரை மறுவாழ்வு முடிந்தது.

அந்த வீட்டின் விலையாவது ஒரே மாதிரி கணக்கிடப்படுகிறதா? 2022 நவம்பரில் கல்காஜியில் குடிசைவாசிகளுக்காக டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய 3,024 வீடுகளைப் பிரதமர் திறந்துவைத்தார். செலவு சுமார் 345 கோடி ரூபாய் என்றது அரசின் அறிவிப்பு. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு 11.4 லட்சம். 2025 ஜனவரியில் அசோக் விஹாரில் 1,675 வீடுகள் திறக்கப்பட்டபோது, ஒரு வீட்டுக்கு அரசு செலவழிப்பது 25 லட்சம் என்று அறிவித்தார்கள். பயனாளி கட்டுவது 1.42 லட்சமும், ஐந்தாண்டு பராமரிப்புக்கு 30,000 ரூபாயும். இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்! சிமென்ட்டும் கம்பியும் விலை ஏறியிருக்கலாம், கட்டிடத்தின் தரமும் கூடியிருக்கலாம். ஆனால் நிலத்தின் விலை, லிஃப்ட், கழிவுநீர் நிலையம், உள்சாலை, வட்டி என்று எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்தும் இந்த எண் ஏறும், இறங்கும். இரண்டு அறிவிப்புகளிலும் அந்தப் பிரிப்பு இல்லை. ‘ஏழைக்கு அரசு இத்தனை லட்சம் கொடுக்கிறது’ என்று சொல்லும்போது அந்தப் பட்டியலையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது அரசின் கடமை என்றே நினைக்கிறேன்.

தனியார் நிறுவனம் உள்ளே வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஷாதிப்பூரில் பொம்மலாட்டக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் வாழ்ந்த கட்புத்லி காலனிக்கு 2009இல் டி.டி.ஏ. போட்ட ஒப்பந்தம் டெல்லியில் இவ்வகையில் முதலாவது. ரஹேஜா நிறுவனம் 2,800 வீடுகளைக் கட்டித் தர வேண்டும். பதிலுக்கு அதே நிலத்தின் ஒரு பகுதியில் சொகுசு வீடுகளும் கடைகளும் கட்டி விற்றுக்கொள்ளலாம். டி.டி.ஏ.வுக்கு அது கொடுத்த தொகை 6.11 கோடி. மறுவாழ்வுக்கு அரசுப் பணம் தேவையில்லை, சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். கட்டி முடியும்வரை மக்கள் தங்க ஆனந்த் பர்பத்தில் இடைக்கால முகாம் போட்டார்கள். 2017 இறுதியில் காலனி இடிக்கப்பட்டது. முகாமுக்குப் போனவர்கள் ஆண்டுக்கணக்காகத் தகரக் கொட்டகையிலேயே காத்திருந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. அதை அந்த மக்கள்தான் கட்டினார்கள்: வீட்டு வாசலில் பெரிய பொம்மை செய்ய இடம் இல்லாமல், வாடிக்கையாகத் தேடி வந்தவர்களுக்குப் புது விலாசம் தெரியாமல்.

சட்டத்தில் இதைவிட விரிந்த வரையறை இல்லாமலில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ‘கையகப்படுத்தும் செலவு’ என்பதற்குள் இழப்பீடு, பயிர்ச் சேதம், குடியமர்த்த வாங்கும் நிலம், அங்கே போடும் சாலை, குடிநீர் வசதிகள், மறுவாழ்வு, நிர்வாகச் செலவு, சமூகத் தாக்க ஆய்வுச் செலவு வரை எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், இடம்பெயர 50,000, மீள்குடியேற்றப் படி 50,000 என்று தொகையும் எழுதியிருக்கிறது. ஆனால் அது நிலத்தைக் கையகப்படுத்தும்போதுதான் பொருந்தும். அரசு நிலத்திலேயே வீடு போட்டவருக்குக் கையகப்படுத்தல் என்ற ஒன்றே நடப்பதில்லை. மதராசி கேம்ப் குடும்பங்களுக்கு இந்த அட்டவணையில் ஒரு வரிகூட உதவவில்லை.

இன்னும் பின்னால் போனால் நர்மதை. சர்தார் சரோவர் அணைக்கான 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பாயத் தீர்ப்பு, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் நிலம் இழப்பவர்களின் மறுவாழ்வுச் செலவையும் குஜராத்தின் தலையில் வைத்தது. நீர் ஏறுவதற்கு ஓராண்டுக்கு முன்பே மாற்று நிலம் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில் அது எப்படி மீறப்பட்டது என்பது நாடறிந்த கதை. ஆனாலும் அந்த மக்கள் நீதிமன்றத்தில் நின்று கேட்க ஒரு பிடி கிடைத்தது. அது அந்த ‘ஓராண்டுக்கு முன்பே’ என்ற காலக்கெடு. டெல்லி ஒப்பந்தங்களில் நான் தேடுவதும் அதைத்தான்.

நரேலாவைப் பாருங்கள். ஜங்புரா, போகல் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்துச் சம்பாதித்த பெண்கள் காலை ஏழு மணிக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டும். டெல்லி அரசுப் பேருந்தில் பெண்களுக்கு 2019இலிருந்து கட்டணம் இல்லை. எனவே பயணச் செலவு சுழி என்று எழுதிவிடலாம். ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்றால் மூன்று வீடு பார்த்தவர் ஒரு வீடுதான் பார்க்க முடியும். இழந்த இரண்டு வீட்டுச் சம்பளம் எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாது. பிள்ளைகளின் கதையும் இதேதான். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் கிடையாது. லோதி எஸ்டேட் பள்ளியில் தமிழ் படித்த பிள்ளை என்ன செய்யும்?

2025 மே மாத உத்தரவில், நரேலா வீடுகளில் அடிப்படை வசதிகளை முடித்துக் கொடுக்க நீதிமன்றமே தேதி குறிக்க வேண்டியிருந்தது. வீட்டைக் கட்டியவருக்கும் ஒதுக்கியவருக்கும் தரப்பட்ட ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டிய வரி அது. அந்த ஆவணத்தில் இனி மூன்று வரிகள் வேண்டும்: குடிநீரும் மின்சாரமும் பேருந்தும் பள்ளியில் இடமும் உறுதியான பிறகே இடிக்கலாம். தாமதமானால் நாள்கணக்கில் குடும்பத்துக்குப் படி. வேலை இடம் தூரமானால் இரண்டாண்டு வருமான ஈடு. இந்த மூன்றையும் திட்டச் செலவின் வரையறைக்குள் கொண்டுவந்தால், 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ‘மலிவான’ வீடு உண்மையில் மலிவா என்பதை நிலத்துக்குச் சொந்தமான துறையே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிவரும். குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் கண்ட சென்னைக்கும் இது பொருந்தும். அந்தக் கணக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.