எண்ணெய் வாசம் தேடி வரும் கரடி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஊர்களில் சாயங்காலப் பூசை முடிந்ததும் சில பூசாரிகள் விளக்கில் மிஞ்சிய எண்ணெயை வடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். விட்டுவைத்தால் இரவில் கரடி கோயில் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் அதற்கு எண்ணெய் தேவைப்படவில்லை. கரையானும் எறும்பும் தேனும் நாவற்பழமும்தான் உணவு. மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கரையானை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் சத்தம் வெகு தூரம் கேட்கும். படகர்களின் ஊர்களான ஹட்டிகளைச் சுற்றி அன்று சாமையும் ராகியும் விளைந்தன. அதற்கப்பால் புல்வெளி, சோலை, சரிவுக்காடு. கரடிக்கும் ஊருக்கும் இடையே தூரம் இருந்தது.

அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆனாலும் கவாத்து செய்து, களை எடுத்துப் பராமரித்த தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது; கரடி ஒளிய இடமில்லை. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோதுதான் நிலைமை மாறியது என்று நினைக்கிறேன். கட்டுப்படியாகாமல் சிறு விவசாயிகள் பலர் பிழைப்புக்கு வெளியூர் போனார்கள். கவாத்தில்லாத தேயிலை மரமாக வளரும். அதற்கடியில் உண்ணிச்செடி மண்டினால், வீட்டுக் கொல்லைக்குப் பின்னாலேயே கரடி பகல் முழுக்கப் படுத்துக்கிடக்கலாம். இன்னொரு பக்கம் காட்டேஜ்களும் உணவகங்களும் பெருகி, சமையல் கழிவு சரிவுகளில் கொட்டப்படுகிறது. ரேஷன் கடை, அங்கன்வாடி, சத்துணவுக்கூடம் எங்கும் எண்ணெயும் பருப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. மணிக்கணக்கில் புற்றைத் தோண்டிக் கிடைப்பது ஒரே டின்னில் கிடைக்கும்போது கரடி எதற்காகக் காட்டுக்குத் திரும்பும்?

இதற்கு விலை கொடுப்பவர்கள் விடியலில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். கரடிக்குக் கண்பார்வை மந்தம். திடீரென்று எதிர்ப்பட்டால் ஓடாமல் பாய்கிறது. முகத்தையும் தலையையும் கிழிக்கிறது. நீலகிரியில் உயிர்களும் போயிருக்கின்றன. அந்தக் குடும்பங்களிடம் போய் வனவிலங்குச் சட்டம் பேச எனக்கு மனம் வராது.

முன்பெல்லாம் தகரம் தட்டினார்கள், பந்தம் கொளுத்தினார்கள். இப்போது வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்து அடர்காட்டில் விடுகிறது. ஊரின் அச்சத்துக்கு அது உடனடி ஆறுதல். ஆனால் எண்ணெய் டின் அதே இடத்தில் இருந்தால் அந்தக் கரடியோ வேறொன்றோ வரத்தான் செய்யும். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே ஒரு காலத்தில் கரடிகளுக்குக் குப்பையைக் கொட்டி, அவை தின்பதை மக்களுக்குக் காட்சியாகக் காட்டினார்கள். 1998இல் மட்டும் கரடிகளால் 1,500க்கும் மேற்பட்ட சம்பவங்கள். பிறகு முகாம்தோறும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை வைத்து, உணவை அதில் பூட்டுவதைக் கட்டாயமாக்கி, கண்காணிப்பையும் கூட்டினார்கள். சம்பவங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின.

நம் மலையில் ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். பூசாரி எண்ணெயை எடுத்துப் போகிறார். பேரிக்காயைக் கனிந்து உதிருமுன் பறித்துவிடுகிறார்கள். ஆனால் சத்துணவுக்கூடத்துக்கு இரும்புக் கதவு போடுவதும், பள்ளிக்குப் போகும் பாதையோரம் உண்ணிச்செடியை வெட்டுவதும், தெருவிளக்கு எரிய வைப்பதும், மூடியில்லாத குப்பைத்தொட்டி வைத்திருக்கும் காட்டேஜுக்கு அபராதம் போடுவதும் அவர்கள் கையில் இல்லை. கூண்டுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலைகள் இவை.