பாலைவனத்தில் ஒரு நீண்ட ஓட்டம்

நம் கோலார் தங்க வயலில் சயனைடு மேட்டைப் பார்க்காதவர் யாரும் இல்லை. சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தார்கள். மிஞ்சிய மண்ணை மலை போலக் கொட்டினார்கள். வெயில் நேரத்தில் அந்த மேட்டில் நிற்க முடியாது. நிழல் இல்லை. காற்று அடித்தால் கண்ணெல்லாம் மண்.

அப்படிப்பட்ட மேடுகள் பல நூறு கிலோமீட்டர் தூரம் இருந்தால் எப்படி இருக்கும்? பாலைவனம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அங்கே சிலர் நாள் கணக்கில் ஓடுகிறார்கள்.

இதை மாலை வகுப்பில் சொன்னேன். "ஓடினால் என்ன கூலி தருவார்கள் தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டார். "கூலி இல்லை பாட்டி. அவர்களே பணம் கட்டித்தான் ஓடுகிறார்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அது என்ன ஓட்டம்?

ஆப்பிரிக்காவின் வடக்கே சகாரா என்ற மிகப் பெரிய பாலைவனம் இருக்கிறது. 1984-ல் பாட்ரிக் பாவர் என்ற பிரெஞ்சுக்காரர் அதில் தனியாக நடந்தார். சாப்பாட்டையும் தண்ணீரையும் முதுகில் சுமந்தார். 12 நாளில் 350 கிலோமீட்டர் கடந்தார். 1986-ல் அவர் மொராக்கோ நாட்டில் ஒரு பந்தயம் தொடங்கினார்.

பந்தயத்தின் தூரம் சுமார் 250 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து சென்னை வரை உள்ள தூரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை ஒரு வாரத்தில் கடக்க வேண்டும். ஒரே கட்டமாக 80 கிலோமீட்டர் போக வேண்டிய நாளும் உண்டு. சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் அவரவரே சுமக்க வேண்டும். தண்ணீரை மட்டும் கொடுப்பார்கள். இரவில் கூடாரத்தில் தூங்கலாம்.

நம் நாட்டிலும் ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் தார் பாலைவனத்தில் 160 கிலோமீட்டர் ஓட்டம் நடந்திருக்கிறது.

வெயில் உடம்பை என்ன செய்யும்?

நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. ஓடினாலும் உழைத்தாலும் சூடு ஏறும். அப்போது வியர்க்கும். வியர்வை காயும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

பாலைவனக் காற்று வறண்டது. அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும். சட்டை நனையாது. அதனால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாது. சட்டையில் வெள்ளையாக உப்பு மட்டும் படியும்.

நம் சுரங்கத்தின் சூடு வேறு மாதிரி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாவிட்டால் சூடு குறையாது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அது வரை நம் தாத்தாக்களும் அப்பாக்களும் அந்தச் சூட்டில்தான் உழைத்தார்கள். அவர்களுக்குப் பதக்கம் யாரும் தரவில்லை.

எப்படித் தாங்குகிறார்கள்?

முதலில் பழக்கம். ஒரே நாளில் உடம்பு வெயிலுக்குப் பழகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். இதற்கு ஒன்று, இரண்டு வாரம் ஆகும். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் புது ஆட்களைச் சில நாள் சூடான அறையில் பழக்கிய பிறகே கீழே அனுப்பினார்கள்.

அடுத்தது தண்ணீரும் உப்பும். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையும். தலை சுற்றும், வாந்தி வரும், வலிப்பும் வரலாம். அதனால் ஓடுகிறவர்கள் தண்ணீரோடு உப்பும் எடுத்துக் கொள்கிறார்கள்.

மூன்றாவது நிதானம். பலர் பாதித் தூரத்தை நடந்தே போகிறார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒட்டகம் வரும். அந்த ஒட்டகம் முந்திவிட்டால் பந்தயம் முடிந்தது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் 2021-ல் ஒருவர் ஓட்டத்தில் இறந்தார். முடியாதபோது நின்றுவிடுவதும் ஒரு திறமைதான்.

வழி தவறியவர்

1994-ல் மௌரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலிக்காரர் மணல் புயலில் வழி தவறினார். ஒன்பது நாளுக்கு மேல் தனியாக அலைந்தார். பகலில் நிழலில் படுத்தார். காலையிலும் மாலையிலும் மட்டும் நடந்தார். கடைசியில் பக்கத்து நாடான அல்ஜீரியாவில் நாடோடி மக்கள் அவரைக் காப்பாற்றினார்கள். உச்சி வெயிலில் நடக்காமல் இருந்தது அவர் பிழைக்க உதவியது.

நாம் செய்ய வேண்டியது

நாம் பாலைவனத்துக்குப் போகப் போவதில்லை. ஆனால் கட்டட வேலை, செங்கல் சூளை, வயல் வேலை எல்லாம் வெயிலில்தான். பந்தயக்காரர் ஓட்டத்தை விட்டால் பதக்கம் போகும். நாம் வேலையை விட்டால் அன்றைய கூலி போகும். அதனால்தான் தலை சுற்றினாலும் நாம் வேலையை விடுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

புது வேலை என்றால் முதல் வாரம் மெதுவாகச் செய்யுங்கள். தாகம் வரும் வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் நல்லது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தும் குடிக்கலாம்.

தலைவலி, வாந்தி, தசைப் பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள்.

ஒருவர் உளறினாலோ மயங்கி விழுந்தாலோ நேரம் கடத்தாதீர்கள். அவரை நிழலில் படுக்க வையுங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பாட்டி சிலேட்டில் எதையோ எழுதிக் கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். "108" என்று எழுதியிருந்தார். "மகன் வேலைக்குப் போகும்போது சொல்லி அனுப்ப வேண்டும் தம்பி" என்றார்.