‘சிங்கிள் ஓனர்’னு சொன்னாங்க பாஸ்!

காலேஜ் பஸ்ஸில் ரெண்டு வருஷம் நின்னுக்கிட்டே போனவனுக்குத்தான் தெரியும், சொந்த பைக்கோட அருமை! அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 42 ஆயிரத்தைக் கையில் கொடுத்து, “பார்த்து வாங்குடா”ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அதைத்தான் நான் காப்பாத்தலை.

புறநகர் மெயின் ரோட்டில் ஒரு பழைய பைக் கடை. வரிசையா வண்டிகள், எல்லாமே பளபளன்னு! எனக்குப் பிடிச்சது கறுப்பு கலர் 150 சிசி. மீட்டரில் 21,400 கிலோமீட்டர். “சிங்கிள் ஓனர் தம்பி... பேங்க் மேனேஜர் ஓட்டினது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பார்” என்றார் கடை அண்ணன். (ஊர்ல விற்கிற எல்லா பழைய பைக்கையும் அந்த ஒரே பேங்க் மேனேஜர்தான் ஓட்டியிருக்கார்ங்கறது பின்னாடிதான் புரிஞ்சது!) 12 ஆயிரம் ஜிபேயில், 30 ஆயிரம் ரொக்கம். பில்? கேட்கத் தோணவே இல்லை. நீட்டின பேப்பரில் எல்லாம் கையெழுத்து போட்டுட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

மூணாவது வாரம் சைலன்ஸரில் நீலப் புகை. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சா ஆயில் எரியும், நீலமா புகை வரும்னு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்காரனான எனக்குத் தெரியும்... பரீட்சைப் பேப்பரில்! கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கிட்டே போனேன். வண்டி நம்பரை கம்ப்யூட்டரில் தட்டின அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தம்பி, இது போன வருஷமே 58 ஆயிரம் கிலோமீட்டர்ல இங்க வந்திருக்கே?”

தலை சுத்திடுச்சு. ஆர்.சி. கார்டை அப்பத்தான் முழுசா படிச்சேன். ஓனர் சீரியல்ங்கற இடத்தில் ‘3’. பேங்க் மேனேஜருக்கு ரெண்டு பங்காளிகள்!

கடைக்கு ஓடினா, “உள்ளது உள்ளபடி வாங்கிக்கிறேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே... பழைய வண்டின்னா முன்னப் பின்னதான் தம்பி இருக்கும்”னு சிரிச்சாரே தவிர, காபிகூட வாங்கித் தரலை.

சீனியர் ஒருத்தரோட அக்கா வக்கீல். அவங்களைப் போய்ப் பார்த்தேன். நான் அழாத குறையா கதை சொல்ல, அவங்க கேட்ட முதல் கேள்வி, “யார்கிட்ட வாங்கினே... கடையிலயா, தனி ஆள்கிட்டயா?”

அங்கேதான் ரூட்டே பிரியுது. கடைன்னா அது வியாபாரம். பழைய பொருள் வாங்கினவரும் நுகர்வோர்தான். அதனால 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. கடை எந்த ஊர்ல இருந்தாலும் சரி, நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். வக்கீல் வெச்சே ஆகணும்னு இல்லை. பிரச்னை கிளம்பி ரெண்டு வருஷத்துக்குள் போடணும், அவ்வளவுதான்.

“பில் இல்லையேக்கா?” என்றேன். பில் தராததையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கைன்னுதான் சொல்லுதாம்! அதோட, 2023 ஏப்ரல் 1-லிருந்து பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர்கள் பதிவு அதிகாரிகிட்ட அங்கீகாரச் சான்று வாங்கணும்னு விதியே இருக்கு. கடைக்குள் நுழைஞ்சதும் கேட்க வேண்டிய முதல் பேப்பர் அது. நான் கேட்டது, “அண்ணே, டேங்க்ல ஸ்டிக்கர் ஒட்டித் தருவீங்களா?”

என் ரூம்மேட் கதை வேற. அவன் விளம்பரம் பார்த்து, வெளியூரில் வேலை கிடைச்ச ஒருத்தர்கிட்ட நேரடியா வாங்கினான். தன் சொந்த வண்டியை ஒரு தடவை விற்கிறவர் வியாபாரி இல்லை. அதனால கன்ஸ்யூமர் கோர்ட் கதவு அவனுக்குத் திறக்காது, சிவில் கோர்ட்தான். ஆரம்பத்திலிருந்தே ஏமாத்துற எண்ணம் இருந்ததுன்னு காட்ட முடிஞ்சா போலீஸுக்கும் போகலாம். பழைய 420, இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஆனா, ஸ்டேஷன்ல வண்டிக்கான பணத்தை வசூல் பண்ணித் தருவாங்கன்னு நம்பிப் போகாதேன்னு அக்கா அவனுக்கும் சேர்த்தே சொல்லி அனுப்பினாங்க.

சரி, ‘உள்ளது உள்ளபடி’ கையெழுத்து? “அது கிளட்ச் தேய்ஞ்சிருக்கு, டயர் வழுக்கைங்கற மாதிரி குறைக்குடா. மீட்டரைத் திருப்பி வெச்சுட்டு, அதைக் காட்டி வித்தா அது மோசடி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ம் பிரிவு. அப்படி வாங்கின ஒப்பந்தத்தை நீ ரத்து பண்ணலாம்.” நான் விசில் அடிக்காத குறை!

“இரு... வாங்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பார்த்தியா?”

“பார்க்கலைக்கா.”

அக்கா பெருமூச்சு விட்டாங்க. அதே சட்டத்தின் 19-ம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்காம். தப்பான தகவலைச் சொல்லியோ, சொல்லாம மறைச்சோ வித்திருந்தாலும், வாங்கினவர் சாதாரண கவனத்தோட பார்த்திருந்தாலே உண்மை தெரிஞ்சிருக்கும்னா, ரத்து பண்ற உரிமை போயிடும். தெரிஞ்சே சொன்ன பொய்க்கு அது பொருந்தாதுன்னு நாம வாதாடலாம். ஆனா, எத்தனாவது ஓனர்ங்கறது என் கையிலிருந்த கார்டிலேயே அச்சாகி இருக்கே! எதிர்த்தரப்பு அதைத்தான் முதல்ல தூக்கிட்டு வரும். மீட்டர் விஷயத்தை நான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்க முடியாது, அதனால அதுதான் என் பலம். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்திருந்தா லோன் பாக்கியும் தெரிஞ்சிருக்கும். ‘பார்த்து வாங்குடா’ங்கறது அம்மா சொன்னதுன்னு நினைச்சேன்... 1872-லயே சட்டமா எழுதி வெச்சிருக்காங்க மக்களே!

அடுத்து அக்கா போட்ட ஆர்டர்: வண்டியை இனிமே தொடாதே. உண்மை தெரிஞ்ச பிறகும் ஓட்டிக்கிட்டே இருந்தா, ஒத்துக்கிட்டேன்னு ஆகிடும். ரிங் மாத்தி ரிப்பேர் பண்ணினா சாட்சியும் போச்சு. கடைக்காரர் அனுப்பின ‘சிங்கிள் ஓனர், 21 ஆயிரம் கிமீ’ வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே ரசீது, மீட்டர் போட்டோ எல்லாத்தையும் பத்திரப்படுத்தினேன். சர்வீஸ் சென்டர் ரெக்கார்டையும் பிரின்ட் கேட்டு வாங்கினேன். (அதுக்கு நாலு நாள் அலைஞ்சது தனிக் கதை.)

ஒரு பக்கத்துக்கு லெட்டர். என்ன சொல்லி வித்தீங்க, என்ன இருந்தது, 15 நாளில் பணம் வேணும், இல்லைன்னா ஆணையம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிவு பண்ணினேன்.

பதினோராவது நாள் போன். “என்ன தம்பி, நமக்குள்ள எதுக்கு கோர்ட்டு கேஸு...” குரலில் அவ்வளவு பாசம்! முதல்ல 8 ஆயிரம் தர்றேன், இன்ஜின் வேலை பார்த்துக்கோன்னார். முடியாதுன்னேன். கடைசியில் வண்டியை எடுத்துக்கிட்டு 37 ஆயிரம்.

வாங்கிட்டேன். கேஸ் போட்டிருந்தா முழுப் பணத்தோட நஷ்டஈடும் கேட்டிருக்கலாம்னு அக்காவுக்கு இன்னும் கோபம். மூணு மாசத்தில், லேப் சோதனை தேவைன்னா அஞ்சு மாசத்தில் முடிக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. ஆனா, நிஜத்தில் அதுக்கு மேலேயும் இழுக்கும்னு அவங்களேதான் சொன்னாங்க. எனக்கு அடுத்த வாரம் செமஸ்டர், அம்மாவுக்கு மாசா மாசம் சீட்டுத் தவணை. கையெழுத்து போட்ட 29, 30 ஃபாரங்களைத் திருப்பி வாங்கிக் கிழிச்சேன். பணம் வந்ததுக்கும் வண்டி போனதுக்கும் தேதி, நேரம் போட்டு எழுதி வாங்கினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்து!

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட பணத்தைக் கொடுத்து, “பைக் செட் ஆகலைம்மா, திருப்பிக் கொடுத்துட்டேன்”னேன். ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தாங்க.

“மீதி அஞ்சாயிரம் எங்கடா?”

நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். காலேஜ் பஸ் 7.10-க்கு.