குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?

ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் செம்பனைக்கும் தென்னைக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்குக் குரங்கு புதிதல்ல. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, "அம்மா, குரங்கும் நாமும் ஒரே வழியில் வந்தவர்களாம்!" என்கிறது. "நம்மைப் படைத்தவர் பிரம்மா" என்கிறார் பாட்டி. "ஆண்டவர் ஆறு நாளில் படைத்தார்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அப்படியானால் மரத்தில் இருக்கும் குரங்கு ஏன் மனிதனாகவில்லை?" என்று சிரிக்கிறார் அப்பா. பிள்ளை யாரை நம்பும்?

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்வோம். இன்றைய குரங்கு மனிதனானது என்று எந்த விஞ்ஞானியும் கூறவில்லை. உங்கள் சித்தப்பா மகன் உங்களுக்குத் தகப்பன் அல்லவே! இருவருக்கும் தாத்தா ஒருவர், அவ்வளவுதான். அதுபோலக் குரங்குக்கும் நமக்கும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூதாதை ஒன்று என்பதே விஞ்ஞானத்தின் கூற்று. 1858-ல் இங்கிலாந்தின் சார்லஸ் டார்வினும், நமது சரவாக் காடுகளில் அலைந்து திரிந்த வாலஸும் சேர்ந்து, இம்மாற்றம் நடக்கும் விதத்தை உலகுக்கு அறிவித்தார்கள்.

தோட்டமே சாட்சி

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பால்மரம் வெட்டியவர்களுக்கு ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரக மரம் நினைவிருக்கும். அதிகம் பால் தரும் மரங்களையே பொறுக்கி, இணைத்து, ஒட்டுக் கட்டிப் பெருக்கியதால் வந்த ரகம் அது. சில தலைமுறைகளுக்குள் பால் பல மடங்கு பெருகியது. அங்கே பொறுக்கியது மனிதன் கை. இயற்கையும் இப்படிப் பொறுக்குமா?

பொறுக்கும். செம்பனைக் குலையைத் தின்னும் எலிகளுக்கு வார்ஃபரின் என்ற மருந்து வைத்தார்கள். பெரும்பாலான எலிகள் மாண்டன. பிறவியிலேயே அம்மருந்தைத் தாங்கும் தன்மை கொண்ட சில பிழைத்தன. குட்டி போட்டவை அவையே; குட்டிகளுக்கும் அத்தன்மை வந்தது. 1980-களில் மலேசியத் தோட்டங்களில் இத்தகைய எலிகளைக் கண்டறிந்தார்கள். தோட்டங்களில் நிற்கும் ஆந்தைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள்; மருந்தை மட்டும் நம்பாமல் ஆந்தையையும் துணைக்கு அழைத்த கதை அது.

மீனுக்குக் கால் முளைத்ததா?

"எலி எலியாகத்தானே இருக்கிறது? ஓர் இனம் வேறோர் இனமாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெர்ணம் ஆற்றங்கரைச் சேற்றில் துள்ளித் திரியும் பெலாச்சாக் மீனைக் கவனியுங்கள். அது நமக்கு மூதாதை அல்ல. ஆனால் மீனும் கரையேறி வாழ முடியும் என்று காட்டுகிறது. கரையேறிய பழைய மீனின் எலும்பு இன்ன வயதுப் பாறையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, கனடாவின் வடகோடியில் தேடினார்கள் விஞ்ஞானிகள். 2004-ல் கிடைத்தது! செதிலும் துடுப்பும் உண்டு. துடுப்புக்குள் கை எலும்புகளும் உண்டு. வயது 37 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டிக்டாலிக் என்று அதற்குப் பெயர்.

கடவுளை என்ன செய்வது?

இதை ஏற்றால் கோயிலுக்குப் போகக் கூடாதா? அப்படியில்லை. உயிர்கள் எப்படி மாறின என்பதை விஞ்ஞானம் சொல்லும். ஏன் வாழ்கிறோம், எப்படி நல்லவராய் வாழ்வது என்பதை மனிதர் தம் சமயத்தில் தேடுகிறார்கள். 1996-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலே, பரிணாமம் வெறும் ஊகத்திற்கும் மேலானது என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் விவாதம் ஓயவில்லை. 2018-ல் இந்திய மத்திய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் கூற்று தவறு என்றார். 2023-ல் அங்கே பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். டாக்டர் தந்த கிருமிக்கொல்லி மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் அந்த எலிக் கதையேதான். இதைப் புரிந்துகொண்டவர் கண்ட மாத்திரையைக் கண்டபடி விழுங்கமாட்டார்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால் "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். பாட்டியின் கதையையும் கேட்கட்டும், பாடநூலையும் படிக்கட்டும். "சான்று எங்கே?" என்று கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளையை நாளை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது!