சோதனைத் தேதிக்கு முந்திய வயிறு

சீட்டில், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ‘கொலோனோஸ்கோப்பி’ சோதனையை எழுதி, பக்கத்திலேயே ‘அவசரம்’ என்றும் போட்டுக் கொடுத்துவிட்டார் டாக்டர். மயிலாடுதுறைக்காரருக்குச் சோதனைக்குப் போகும் ஊர் கும்பகோணமாகவோ தஞ்சாவூராகவோ சிதம்பரமாகவோ இருக்கலாம். தேதி என்னவோ பத்து நாள் தள்ளித்தான். மாதக்கணக்கில் எப்போதாவது கலக்கிய வயிறு, சீட்டு கைக்கு வந்த மறுநாள் காலையில் நாலு தடவை எழுப்பிவிடுகிறது. முற்றிவிட்டது என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் போதாது. ஒரே ராத்திரியில் மாறியது பெரும்பாலும் நோய் அல்ல. சீட்டைக் கண் மட்டும் படிக்கவில்லை, குடலும் படித்திருக்கிறது.

குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை பின்னிக் கிடக்கிறது. அதில் 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் உண்டு. ஜெர்மானியர்களான மைஸ்னரும் அவர்பாக்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வலையை விவரித்தார்கள். அது என்ன செய்கிறது என்பதை 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் காட்டினார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளையெல்லாம் துண்டித்த பிறகும், உள்ளே ஏதாவது அழுத்தினால் அதற்கு மேற்பக்கம் குடல் சுருங்கியது, கீழ்ப்பக்கம் தளர்ந்தது. மூளையைக் கேட்காமலே உணவு நகர்ந்தது. மேட்டூரில் ஜூன் 12இல் அணை திறந்தாலும், எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை இங்கே வாய்க்கால் கரையில் நிற்பவர்தானே முடிவு செய்கிறார், அப்படி.

ஆனால் மேலே ஏதாவது கலவரம் என்றால் கீழேயும் தெரிந்துவிடும். 1890களின் கடைசியில் ஹார்வர்டில் வால்டர் கேனன், பிஸ்மத் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்து, அப்போது புத்தம் புதிதாக வந்திருந்த எக்ஸ்-கதிரில் அதன் இரைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் இரைப்பையின் அலைகள் சட்டென நின்றன. அமைதியானதும் திரும்ப வந்தன. பெருங்குடலோ நேர்மாறு. பயத்தில் மூளை விடுகிற சி.ஆர்.எஃப். என்னும் இரசாயனம் இரைப்பையை மெதுவாக்குகிறது, பெருங்குடலை விரட்டுகிறது. சாப்பாடு இறங்காது, போக்கும் நிற்காது. பரீட்சை நாள் காலையில் இதை அனுபவிக்காத பிள்ளை யார்?

இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் மனப்பிரமைதான் என்று சோதனையை ரத்து செய்கிறவர்களும் உண்டு. அது தப்பு. கவலை குடலை விரட்டும். மலத்தில் இரத்தத்தைக் கொண்டுவராது, இரும்புச்சத்துக் குறைவால் சோகை வரவைக்காது. அப்படி இரத்தம் வந்தால் மூலம்தான் என்று தானாகவே முடிவுகட்டிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். சுவருக்குச் சுவர் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பல நேரம் அது மூலமாகவே இருக்கும். உள்ளே பார்க்காமல் அதை உறுதி செய்ய முடியாது என்பதால்தான் குழாய்.

‘அவசரம்’ எவ்வளவு பயமுறுத்துகிறதோ அவ்வளவு தீவிரமானதாக இருக்கவேண்டியதில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015இல் வகுத்த வழிகாட்டி, புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு இருந்தாலே அவசரமாக அனுப்பச் சொல்கிறது. அந்த வரம்பில் அனுப்பப்படும் நூறு பேரில் 97 பேருக்கு அந்த நோய் இருக்காது. விட்டுவிடக் கூடாதே என்பதற்கான அவசரம் அது.

இந்தக் கணக்கு தெரிந்தாலும் தூக்கம் வருவதில்லை. 2016இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரிடம் ஒரு கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். கல்லுக்கடியில் பாம்பு இருந்தால் கையில் சின்ன மின் அதிர்ச்சி. அதிர்ச்சி வருவது உறுதி என்று தெரிந்தபோது வியர்த்ததைவிட, வருமா வராதா என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் அதிகம் வியர்த்தது. கெட்ட சேதியைவிடத் தெரியாத சேதி கனம். பக்கத்து வைத்தீஸ்வரன்கோயிலில் தையல்நாயகியிடம் வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் போடுகிறவர்கள் ஒரு பக்கம். அதே ஊரில் நாடி ஜோதிடரிடம் ஏடு புரட்டச் சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். முன்னதில் மனப்பாரம் கொஞ்சம் இறங்குகிறது. பின்னதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சோதனை முடிவு ஏட்டில் இருக்காது.

கலிபோர்னியாவில் உளவியலாளர் கேட் ஸ்வீனி, வழக்கறிஞர் தேர்வு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருக்கும் பட்டதாரிகளைத் தொடர்ந்து பார்த்தார். கவலையைக் குறைக்க அவர்கள் செய்த பெரும்பாலான உபாயங்கள் பலிக்கவில்லை. தன்னை மறந்து ஒரு வேலையில் ஆழ்ந்த நேரங்கள் மட்டும் லேசாக இருந்தன. டி.வி. முன் உட்கார்ந்திருப்பதை இதில் சேர்க்க முடியாது. கை, கண், கணக்கு மூன்றும் வேண்டும்: தையல், வீணை, பழைய வரவுசெலவு நோட்டைச் சரிபார்ப்பது, எதுவானாலும்.

கும்பகோணத்துக் கணிதமேதை இராமானுஜன் காத்திருந்ததற்குத் தேதியே இல்லை. 1917இல் இங்கிலாந்தில் படுத்தவருக்கு முதலில் இரைப்பைப் புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். இந்தியாவில் இருந்தபோது வந்த சீதபேதியின் மிச்சமாகக் கல்லீரலில் அமீபா தொற்று இருந்திருக்கலாம் என்று டி.ஏ.பி. யங் என்பவர் 1994இல்தான் எழுதினார். அந்த நோய்க்காலம் அவரை நொறுக்கவும் செய்தது. 1918இல் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஆனாலும் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1920 ஜனவரியில், சென்னையிலிருந்து இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு ‘போலி’ தீட்டா சார்புகள் பற்றிக் கடிதம் எழுதினார். கணிதம் அவர் நோயைத் தீர்க்கவில்லை. எழுதிய பொழுதுகள் மட்டும் நோயின் கணக்கில் சேராமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்து நாளில் கழிப்பறையில் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கொஞ்சம் குறைக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிவக்கும். இரண்டையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சோதனைக்குச் சில நாள் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறைய இரத்தம் போனால், மயக்கம் வந்தால், வயிறு உப்பி வாந்தியோடு காற்றும் பிரியாமல் போனால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும்.

முந்தின நாள் பேதி மருந்துத் தூளை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டியிருக்கும். பலருக்குச் சோதனையைவிட அதுதான் கஷ்டம். இளநீர், வடித்த கஞ்சித் தெளிவு போன்றவற்றை அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளலாம். உள்ளே சதைத் துணுக்கு எடுத்தார்களானால் இன்னொரு காத்திருப்பு தொடங்கும். கிளம்புவதற்கு முன்பே, முடிவு எந்தத் தேதியில், யாரிடம் கிடைக்கும், போனில் சொல்வார்களா என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.