வாவிக்கரை வாசிப்பு – 9
ஜேன் ஒஸ்டினின் தம்பி திருகோணமலையில்

ஜேன் ஒஸ்டினின் நாவலில் பென்னட் குடும்பத்தின் லோங்போர்ன் வீடு ஐந்து பெண்பிள்ளைகளையும் விட்டு உறவுக்காரன் கொலின்சின் கைக்குப் போகும் என்ற இடத்தில் போன கிழமை நின்றோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டை நம்முடைய மட்டக்களப்புத் தாய்வழிக் குடிவழமையோடு சேர்த்துப் பார்ப்பதாக இந்தக் கிழமைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இடையில் ஒரு கல்லறை குறுக்கிட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

ஜேன் ஒஸ்டினின் கூடப்பிறந்த தம்பி புதைக்கப்பட்டிருப்பது திருகோணமலையில்.

பெயர் சார்ள்ஸ் ஜோன் ஒஸ்டின். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி, 1779இல் பிறந்தவர். 1791இல் போர்ட்ஸ்மவுத் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அதன்பிறகு கப்பல்தான் வாழ்க்கை. 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடல்களுக்கான பிரித்தானியக் கடற்படைத் தளபதியானார். இரண்டாம் பர்மியப் போர் மூண்டபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதிலும் தானே படையோடு புறப்பட்டார். ஐராவதி ஆற்றில், 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில், 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி வாந்திபேதி அவரைக் கொண்டுபோனது. உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சென் ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அக்காள் இறந்து அப்போது 35 வருடம்.

வாகரை, வெருகல், மூதூர் வழியாகக் கோணேசர் கோயிலுக்குப் போய் வருகிற நாம், பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களுக்குப் பழத்தோல் போட்டுவிட்டுத் திரும்புகிறோம். இங்கிலாந்தின் மிகப் பெரிய நாவலாசிரியைகளில் ஒருத்தியுடைய தம்பியின் கல்லறை அதே ஊரில் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் ஒஸ்டினைப் படித்த எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெறும் உறவுமுறைக்காக இதை இவ்வளவு நீட்டவில்லை. இந்தத் தம்பி அக்காளின் நாவலுக்குள்ளேயே இருக்கிறார். 1801இல் எதிரிக் கப்பல் ஒன்றைப் பிடித்ததற்கான பங்காக சார்ள்சுக்கு 30 பவுண் கிடைத்தது. இன்னும் 10 பவுண் வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கடற்படையில் பிடிபட்ட கப்பலை விற்று, பதவிக்கேற்றபடி மாலுமிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத பொடியன் அந்தக் காசில் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு அக்காள்மாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கினார். இரண்டு சிலுவையும் ஒரே வடிவமல்ல. கசான்ட்ராவுக்கு ஒன்று, ஜேனுக்கு வேறொன்று என்று பார்த்து எடுத்திருக்கிறார். இரண்டும் இன்றைக்கும் சோட்டன் ஊரில் ஜேன் வாழ்ந்த வீட்டில் இருக்கின்றன.

பதின்மூன்று வருடம் கழித்து 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' வெளிவந்தது. அதில் ஃபேனி என்ற ஏழைப் பெண்ணுக்குக் கடற்படையில் இருக்கும் அண்ணன் வில்லியம் சிசிலியிலிருந்து ஓர் அம்பர் சிலுவை கொண்டுவந்து கொடுக்கிறான். சங்கிலி வாங்க அவனிடம் காசில்லை. விருந்துக்குப் போக அதை எதில் கோப்பது என்று ஃபேனி தவிக்கிறாள். பணக்காரத் தோழி தருகிற அலங்கார மாலை சிலுவையின் வளையத்துக்குள் நுழையாது. அவள் மனதுக்குள் விரும்புகிற எட்மண்ட் கொடுக்கும் மெல்லிய சங்கிலி நுழைகிறது.

கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது இந்த அத்தியாயத்தில்தான் பொழுது முழுக்கப் போனது. நகைத்தொழில் செய்த குடும்பத்து அக்கா ஒருவர் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். பென்டனை உருவி எடுத்து, பக்கத்தில் இருந்தவரின் முறுக்குச் சங்கிலியில் கோக்கப் பார்த்தார். கொளுக்கி வளையத்தின் வாயில் முட்டி நின்றது. மெல்லிய சங்கிலி ஒன்றை வாங்கிப் போட்டார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "இவ நகையக் கையில வெச்சுப் பாத்துத்தான் எழுதியிருக்கா கா" என்றார். எத்தனையோ விமர்சனம் வாசித்திருக்கிறேன். அந்த விறாந்தையில் கண்டதுபோல் ஒஸ்டினின் கைவேலை எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' வந்த 1814இல்தான் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அது இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் பறிகொடுத்தவர். அடுத்த வருடமே தானும் இங்கே இறந்தார். ஒஸ்டினை நமக்கு வாசிக்கத் தந்த ஆங்கிலக் கல்வி இங்கே கால்வைத்ததும் அந்த நாவல் அச்சேறியதும் ஒரே வருடத்தில் நடந்தவை. எனக்கு இது பெரிய விசயம்.

ஆனாலும் சிலுவையின் அழகில் மயங்கி, காசு வந்த வழியை விட்டுவிடக் கூடாது. 'பெர்சுவேஷன்' நாவலின் வென்ட்வேர்த் 25,000 பவுணோடு ஊர் திரும்புவதும் பிடித்த கப்பல்களின் பங்கினால்தான். அதே நாவலில் கடற்படைக்காரரின் மனைவி குறொஃப்ட் அம்மாள் கிழக்கிந்தியப் பக்கம் ஒருமுறை போய்வந்ததைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்தக் கிழக்கிந்தியக் கடலில்தான் நம்முடைய கரையும் கிடந்தது. 1795 ஓகஸ்டில் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தவர்கள் ஆங்கிலேயர். அடுத்த மாதமே மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையும் அவர்கள் கையில் விழுந்தது. ஒஸ்டினின் வரவேற்பறைகளில் பீரங்கிச் சத்தம் கேட்பதில்லை என்பார்கள். கிழக்குக் கரையில் இருந்து வாசிக்கிற நாம் அதைக் கேட்காமல் வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது.

இன்னும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளிடமிருந்துதான் வாக்குக் கொடுத்த விசயத்துக்குப் பாதை போகிறது. ஜேனின் தகப்பனுடைய சகோதரி பிலடெல்பியா. தாய் தகப்பன் இல்லை, சொத்தில்லை. லண்டனில் தொப்பிக் கடையில் தொழில் பழகினாள். 1752இல் மாப்பிள்ளை தேடிக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தாள். அடுத்த வருடம் கடலூரில் ஹன்கொக் என்ற கிழக்கிந்தியக் கும்பனி வைத்தியரைக் கட்டினாள். ஆம், நம்முடைய தமிழ்க் கடலூர்தான். அத்தை கப்பலேறி நூறு வருடத்தில் மருமகன் இதே கடலோரத்தில் புதைக்கப்பட்டார். கலியாணத்துக்காக வங்காளத்துக்கு அனுப்பப்படும் அநாதைப் பெண்ணொருத்தியைத் தன் பதினாறு, பதினேழு வயதிலேயே ஜேன் கதையில் எழுதிவிட்டாள். குடும்பத்தில் நடந்ததை அவள் மறக்கவில்லை.

பிலடெல்பியாவின் கதையைச் சொன்னதும் வட்டத்தில் வயதில் மூத்த அம்மா கேட்டார்: "ஒரு ஊடு வளவு குடுத்திருந்தா அந்தப் புள்ள ஏன் கா கடல் கடக்குது?"

மட்டக்களப்பில் பிறந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? இங்கே வீடு மகளுக்கு. கட்டுகிற மாப்பிள்ளைதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வரவேண்டும். குடி தாயால் வரும். இங்குள்ள முக்குவர் சமூகத்தின் வழமையில் முதுசொமும் தாய்வழியே இறங்கியது. தகப்பன் இறந்தபின் ஜேனும் தாயும் அக்காளும் சகோதரன்மாரின் தயவில் ஊர் ஊராய் அலைந்ததையும், 1809இல் அண்ணன் எட்வர்ட் சோட்டனில் வீடு கொடுத்த பிறகே நாவல்கள் ஒவ்வொன்றாய் அச்சேறியதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடம் முடிந்துவிட்டது. முக்குவர் சட்டத்தைப் பற்றி பிரிட்டோ என்பவர் கொழும்பில் நூல் வெளியிட்டது 1876இல். அதே வருடத்து வாரிசுரிமைச் சட்டம்தான் அந்த வழமையை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றியது. அடுத்த கிழமை அங்கிருந்து தொடங்கி, பென்னட் அம்மாளை ஒரு மட்டக்களப்புத் தாயின் வளவுக்குக் கூட்டிவருவோம்.

(தொடரும்)